துறைமுகம் இல்லாத கரையில் சரக்கு இறக்க எது சரி? தரையிறங்கு கலம், மிதவைப் பாலம், மற்ற வழிகள்: ஓர் ஒப்பீடு

2024 மே மாதம் காஸா கரையில் அமெரிக்க ராணுவம் அமைத்த மிதவைப் பாலம் அலையில் உடைந்தது. செய்தியைப் பார்த்த பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அதே ராணுவத்திடம் தரையிறங்கு கலங்கள் இருக்கின்றனவே! நேராக மணலில் கொண்டுபோய் முட்டி, முன் கதவை இறக்கி, லாரிகளை ஓட்டிவிட வேண்டியதுதானே?"

நியாயமான கேள்வி. பேரிடர் மேலாண்மை படிப்பவர்களும் ராணுவத் தளவாடம் பற்றிக் கட்டுரை எழுதுபவர்களும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கையில் ஐந்தாறு வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் பெரிய பெரிய எண்கள் போட்டிருக்கிறார்கள், எதை எடுப்பது? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலத்தின் கொள்ளளவைப் பார்த்து முடிவு செய்தால் பெரும்பாலும் தப்பாகத்தான் போகும். கரையைப் பார்த்துத்தான் கலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கரைக்குப் பின்னால் சரக்கை எடுத்துப்போக யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இங்கே அமெரிக்க ராணுவத்தின், அதாவது தரைப்படையின், கலங்களையே எடுத்துக்கொள்கிறேன். கடற்படையும் மரைன் படையும் முதல் நாள் தாக்குதலுக்குக் கரையேறுபவர்கள். அதன் பிறகு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உணவும் எரிபொருளும் குண்டும் கொண்டுவந்து கொட்டுவது ராணுவத்தின் போக்குவரத்துப் பிரிவு வேலை. அதனால்தான் தரைப்படையிடம் கப்பல்கள் இருக்கின்றன. எடைகளை எல்லாம் மெட்ரிக் டன்னுக்கு மாற்றி, சுமாராகவே கொடுத்திருக்கிறேன்.

## முதலில் அளவுகோல்கள்

கரையின் சரிவு. இதைத்தான் எல்லோரும் கடைசியில் கேட்கிறார்கள், முதலில் கேட்க வேண்டியது இதுதான். தரையிறங்கு கலத்தின் அடிப்பகுதி முன்னால் மேலேறி, பின்னால் ஆழமாக இருக்கும். எல்சியு-2000 என்ற கலத்தை எடுத்துக்கொள்வோம். நீளம் 53 மீட்டர். சுமையோடு இருக்கும்போது பின்பக்கம் 2.7 மீட்டர் ஆழம் வேண்டும், முன்பக்கத்துக்கு 1.2 மீட்டர் போதும். கரை 30 மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் இறங்குகிறது என்றால், நீர்க்கோட்டிலிருந்து 80 மீட்டர் உள்ளே 2.7 மீட்டர் ஆழம் கிடைத்துவிடும். கலம் அழகாக வந்து மூக்கை மணலில் வைக்கும்.

அதே கலம் 100-க்கு ஒன்று என்ற தட்டையான கரைக்கு வந்தால் என்ன ஆகும்? 2.7 மீட்டர் ஆழம் 270 மீட்டருக்கு அப்பால்தான் இருக்கிறது. பின்பக்கம் அங்கேயே தரை தட்டிவிடும். முன் கதவுக்கும் காய்ந்த மணலுக்கும் நடுவே இன்னும் 200 மீட்டருக்கு மேல் தண்ணீர், அதுவும் ஆள் உயரத்துக்கு மேல். லாரியை இறக்கினால் முழுகிவிடும். இதோடு கரையை ஒட்டி நீருக்கடியில் மணல் திட்டு ஒன்று ஓடினால், சரிவு நன்றாக இருந்தும் கலம் திட்டிலேயே நின்றுவிடும்.

அலை. அரை மீட்டர் அலையில் எல்லா வழியும் வேலை செய்யும். ஒன்றேகால் மீட்டரைத் தாண்டினால் பாதி வழிகள் அடைபட்டுவிடும். கடலோரத்தில் முட்டி நிற்கும் கலத்துக்குப் பெரிய ஆபத்து, பக்கவாட்டில் திரும்பி அலைக்கு விலாவைக் காட்டிவிடுவது. அதற்காகத்தான் கரைக்கு வரும்போதே பின்னால் ஒரு நங்கூரத்தைப் போட்டுக்கொண்டே வருவார்கள். அந்த வடம் கலத்தை நேராகப் பிடித்துக்கொள்ளும். திரும்பும்போது அதையே வின்ச்சில் இழுத்துக் கலத்தை மணலிலிருந்து உருவிக்கொள்ளலாம்.

கடல் ஏற்றமும் வற்றமும். நீர் வற்றிக்கொண்டிருக்கும்போது முட்டினால் அடுத்த ஏற்றம் வரை அங்கேதான். 1950 செப்டம்பர் 15-இல் கொரியாவின் இன்சோனில் இதையே தெரிந்தே செய்தார்கள். அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 9 மீட்டருக்கும் மேல் வித்தியாசம். அன்று மாலை எட்டு எல்எஸ்டி கப்பல்களை (டாங்கிகளைக் கரையிறக்கும் பெரிய கப்பல்கள்) சரக்கோடு கரையில் ஏற்றி, இரவெல்லாம் சேற்றில் கிடக்கவிட்டார்கள். மறுநாள் ஏற்றம் வரை வேறு எதுவும் கரைக்கு வர முடியாது என்பதால், கரையேறிய வீரர்களுக்கு அந்த எட்டுக் கப்பல்கள்தான் கிடங்கு.

சரக்கு எப்படி வருகிறது. லாரியில் ஏற்றியே வந்தால் கதவைத் திறந்ததும் ஓடிவிடும். மூட்டையும் பேலட்டுமாக வந்தால் ஃபோர்க்லிஃப்ட் வேண்டும், அந்த ஃபோர்க்லிஃப்ட் மணலில் புதையாமல் இருக்கப் பாய் விரிக்க வேண்டும், விரிக்கப் புல்டோசர் வேண்டும். கன்டெய்னராக வந்தால் அதைத் தூக்கும் பெரிய வண்டியும் கரையில் காத்திருக்க வேண்டும்.

தூரம், நாள்கள், கரையில் ஆள். தாய்க்கப்பல் 5 கடல் மைலில் நிற்கிறதா, 50 கடல் மைலிலா? வேலை ஒரு வாரமா, ஆறு மாதமா? இறங்கிய சரக்கைக் கரையிலிருந்து யார் எடுத்துப்போவார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் மற்ற எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிப் பயனில்லை.

## சிறிய கலம்: மைக் போட்டும் அதன் வாரிசும்

எல்சிஎம்-8, படகோட்டிகள் வாயில் "மைக் போட்". 1950-களின் கடைசியில் வந்தது. 22 மீட்டர் நீளம், 54 டன் சுமை, சுமையோடு 9 நாட் (மணிக்கு 9 கடல் மைல்) வேகம். வியட்நாம் போரில் ஆறுகளிலும் கடலோரத்திலும் ஓயாமல் ஓடிய கலம் இது. குயி நோன் போன்ற இடங்களில் பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தள்ளி நிற்கும். அவற்றின் வயிற்றிலிருந்து சரக்கை எடுத்து வந்தவை மைக் போட்களும் சற்றுப் பெரிய எல்சியுக்களும்தான்.

இதன் பலம் எளிமை. சின்ன ஆள்படை போதும், ஆற்று முகத்துவாரத்துக்குள் நுழையும், குறுகிய இடத்திலும் திரும்பும், ஒன்று கெட்டால் வேலை நிற்காது. பலவீனம், தானாக நெடுந்தூரம் போகாது. வேறொரு கப்பல் சுமந்து வர வேண்டும், அந்தக் கப்பலில் இதை இறக்குகிற அளவு கிரேன் இருக்க வேண்டும். இந்தச் செலவு மைக் போட்டின் விலைப்பட்டியலில் இருக்காது.

இன்னொரு சிக்கல், டாங்கிகள் கனத்துவிட்டன. மைக் போட் வடிவமைக்கப்பட்ட காலத்து டாங்கி அதில் ஏறும், இன்றைய அமெரிக்க டாங்கியான ஆப்ராம்ஸ் ஏறாது. அதற்குத்தான் எம்எஸ்வி-எல் என்ற புதிய கலம். 2017-இல் ஒப்பந்தம், முதல் கலம் நீரில் இறங்கியது 2022 அக்டோபரில். சுமார் 74 டன், அதாவது ஒரு ஆப்ராம்ஸ் டாங்கி. வேகமும் மைக் போட்டைவிட மிக அதிகம். பழையதை ஓய்வுக்கு அனுப்பும் வேகத்தில் புதியது வரவில்லை என்பதுதான் கவலை.

## நடுத்தரம்: எல்சியு-2000

எனக்கு மிகவும் பிடித்த கலம் இது, காரணங்களைச் சொல்கிறேன். 13 பேர் ஓட்டும் கப்பல், 320 டன் வரை தூக்கும், ஐந்து டாங்கிகள் அல்லது இரண்டடுக்காக 20 அடி கன்டெய்னர்கள் போகும். முக்கியமான விஷயம், இது தன் காலிலேயே கடல் தாண்டும். சுமையோடு 10 நாட்டில் 6,500 கடல் மைல் போகும் அளவு எரிபொருள் கொள்ளும். முன்பக்கத்தில் பக்கவாட்டு உந்தி இருப்பதால் காற்று தள்ளும்போதும் மூக்கை நேராகக் கரைக்கு வைக்க முடியும். 1980-களின் இறுதி முதல் மொத்தம் 35 கட்டினார்கள்.

ஆனால் அந்த 320 டன்னை அப்படியே நம்பிவிடாதீர்கள். துறைமுகத்திலிருந்து துறைமுகத்துக்கு என்றால் 320. மணலில் முட்ட வேண்டும் என்றால், முன்பக்கம் 1.2 மீட்டர் நீரில் நிற்க, கதவு இறங்கும் இடத்திலும் இடுப்பளவு தண்ணீர் இருக்கும். சாதாரண லாரிக்கு அது அதிகம். எனவே சுமையைக் குறைத்து முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், அல்லது செங்குத்தான கரையாகத் தேடுவார்கள், அல்லது புல்டோசரால் கதவின் அடியில் மணலைத் தள்ளி மேடு கட்டுவார்கள். கடைசி வழிதான் நடைமுறையில் அதிகம். அதனால் முதல் கலத்தின் முதல் சரக்காகப் புல்டோசரை வைப்பது நல்ல பழக்கம். உள்ளே எங்கோ அடைபட்டு மூன்றாவது பயணத்தில் புல்டோசர் வந்தால், முதல் இரண்டு பயணங்களும் வீண்.

இந்தியக் கடற்படைக்கும் இதே வரிசையில் எல்சியு மார்க்-4 இருக்கிறது. கொல்கத்தாவில் கட்டி, அந்தமான் நிக்கோபாரில் நிறுத்தியிருக்கிறார்கள். ஆவடியில் தயாராகும் அர்ஜுன் டாங்கியைச் சுமக்கும் கலம். துறை இல்லாத தீவுகளுக்கு ஏன் இந்த அளவுக் கலம் பொருந்துகிறது என்று பார்க்க விரும்புவோருக்கு நல்ல உதாரணம்.

## பெரியது: எல்எஸ்வி

ஜெனரல் ஃபிராங்க் எஸ். பெஸன் வகைக் கப்பல்கள். அமெரிக்க ராணுவத்துக்கு எட்டு கட்டப்பட்டன. 83 மீட்டர் நீளம், 1,800 டன் சுமை, 24 டாங்கிகள். எண்ணைப் பார்த்தால் இதுதான் வெற்றியாளர்.

கரையில் முட்டுவதற்கு வடிவமைத்த சுமையோ 800 டன்னை ஒட்டித்தான், அதுவும் 30-க்கு ஒன்று என்ற சரிவில். பாதிக்கும் குறைவு! தட்டையான கரையில் இதை நினைத்தே பார்க்க முடியாது. எட்டே எட்டு இருப்பதால் ஒன்று பழுதானால் இழப்பு பெரிது. எனவே எல்எஸ்வியை நான் கடல் கடக்கும் லாரியாகத்தான் பார்க்கிறேன்: தொலைவிலுள்ள துறைமுகத்திலிருந்து கருவிகளையும் வாகனங்களையும் ஒரே நடையில் கொண்டுவந்து சேர்க்கும், அதற்குப் பிறகு தினசரி கரை வேலையை எல்சியுவிடம் விட்டுவிடலாம். 2024 மார்ச் 7 இரவு காஸாவில் பாலம் அமைப்பதாக அப்போதைய அமெரிக்க அதிபர் பைடன் அறிவித்தார், மார்ச் 9-இல் பெஸன் கப்பல் வர்ஜீனியாவிலிருந்து முதல் கருவிகளோடு கிளம்பிவிட்டது. அந்தச் சுறுசுறுப்புக்கு இந்தக் கலம்தான் பொருத்தம்.

## மிதவைப் பாலம்

சரி, காஸாவுக்கு வருவோம். இந்த முறையை ஜேலாட்ஸ் என்பார்கள். கடலில் சில மைல் தள்ளி ஒரு மிதக்கும் மேடை. சைப்ரஸில் சரக்குச் சோதனை முடிந்து சுமார் 200 கடல் மைல் வந்த கப்பல் அதன் அருகே நிற்கும். லாரிகள் அந்த மேடையில் இறங்கும். அங்கிருந்து எல்எஸ்வியும் எல்சியுவும் லாரிகளைச் சுமந்து கரையோடு பிணைத்த 550 மீட்டர் நீள மிதவைப் பாலத்தின் கடல் முனைக்குக் கொண்டுவரும். லாரி பாலத்தில் ஓடிக் கரையேறும்.

கவனித்தீர்களா? பாலம் இருந்தும் தரையிறங்கு கலங்கள் வேலை செய்துகொண்டுதான் இருந்தன. பாலம் நீக்கியது கடைசி 550 மீட்டர் சிக்கலைத்தான், அதாவது ஆழமற்ற நீரையும் மணலையும். கரை தட்டையாக இருந்தாலும் எல்எஸ்வி முழுச் சுமையோடு வரலாம், லாரி உப்புநீரில் நனையாது. இன்னொரு காரணம் அரசியல். அமெரிக்க வீரர் ஒருவரும் காஸா மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று வெள்ளை மாளிகை சொல்லியிருந்தது. கலத்தை மணலில் முட்டினால் கதவருகே வழிகாட்டவும் புல்டோசர் ஓட்டவும் ஆள் இறங்கியே ஆக வேண்டும். தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடையில் பெரும்பகுதி இந்தத் தடையில் இருக்கிறது.

விலை? மே 16-இல்தான் பாலம் கரையோடு பிணைக்கப்பட்டது, அறிவித்து இரண்டு மாதங்களுக்கு மேல் கழித்து. மே 25-இல் அலையில் உடைந்தது. கட்டறுந்த கலங்கள் கரையொதுங்கின. இஸ்ரேலின் அஷ்தோத் துறைமுகத்தில் பழுது பார்த்து ஜூன் 7-இல் திரும்ப வைத்தார்கள். ஜூன் 14-இல் அலைக்குப் பயந்து கழற்றினார்கள், 19-இல் வைத்தார்கள், 28-இல் மறுபடி கழற்றினார்கள். ஜூலை 17-இல் வேலை முடிந்ததாக அறிவித்தார்கள். உண்மையில் இயங்கியது சுமார் 20 நாள். கரை சேர்ந்தது 9,000 டன்னுக்குச் சற்றுக் குறைவு, செலவு சுமார் 23 கோடி டாலர். 15 லட்சம் பேருக்கு 90 நாள் உணவு என்பது திட்டம், 4.5 லட்சம் பேருக்கு ஒரு மாத உணவுதான் போய்ச் சேர்ந்தது என்று அமெரிக்க உதவி முகமையின் ஆய்வு அதிகாரி அறிக்கை சொன்னது. 60-க்கும் மேற்பட்ட படையினர் காயமடைந்தார்கள், ஒருவர் பின்னர் உயிரிழந்தார்.

ஒன்றேகால் மீட்டருக்கு மேல் அலை அடித்தால் இந்த முறை தாங்காது என்பது முன்பே தெரிந்த விஷயம். திறந்த மத்தியதரைக் கடலில், அலையைத் தடுக்க எதுவும் இல்லாத இடத்தில் இதை வைத்ததுதான் எனக்கு மனம் ஒப்பாத முடிவு. இதற்கு 80 ஆண்டு முன்பே பாடம் இருக்கிறது. 1944 ஜூன் 19 முதல் 22 வரை அடித்த புயலில், நேசப் படைகள் கரையேறியிருந்த பிரான்சின் நார்மண்டியில், ஒமாஹா கரையில் அமெரிக்கர்கள் அமைத்த செயற்கைத் துறைமுகம் சரிசெய்ய முடியாதபடி நொறுங்கியது. அரோமான்ஷில் இருந்த பிரிட்டிஷ் துறைமுகம் தப்பியது, அது பத்து மாதம் ஓடியது. ஒமாஹாவில் என்ன செய்தார்கள்? எல்எஸ்டி கப்பல்களை ஏற்றத்தில் கரையில் ஏற்றி, நீர் வற்றியதும் காய்ந்த மணலில் சரக்கை இறக்கினார்கள். கப்பலின் முதுகு ஒடிந்துவிடும் என்று கடற்படைக்கு முதலில் பயம் இருந்தது, ஒடியவில்லை. திட்டமிட்டதைவிட அதிகச் சரக்கு அந்த வெறும் மணல் வழியாகவே போனது.

பாலம் பயனற்றது என்று சொல்ல வரவில்லை. வளைகுடாவுக்குள், அலை புகாத இடத்தில், மாதக்கணக்கில் வேலை இருந்தால் பாலம்தான் சரி. 1965-இல் வியட்நாமின் காம் ரான் விரிகுடாவுக்கு டிலாங் வகைத் துறைமேடை ஒன்றைத் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனிலிருந்து கடலில் இழுத்தே வந்தார்கள். அது வேலைக்கு வர அந்த ஆண்டின் இறுதி ஆகிவிட்டது. அதுவரை படகுகள் சுமந்தன. அதற்குப் பிறகு பெரிய கப்பல்கள் நேராக வந்து ஒட்டி நின்றன. அங்கே அது பல ஆண்டு வேலை, கடலோ அமைதியான விரிகுடா. இரண்டும் பொருந்தின.

காஸாவிலேயே 2024 மார்ச்சில் ஒரு தொண்டு நிறுவனம் இடிபாடுகளைக் கொட்டிச் சின்னத் துறையாக்கி, இழுவைக் கப்பல் இழுத்து வந்த பார்ஜிலிருந்து சுமார் 200 டன் உணவை இறக்கியது. அளவு சிறியதுதான். ஆனால் கற்களும் ஒரு பொக்லைனும் கிடைக்கும் இடத்தில், தரையிறங்கு கலம் மூக்கை வைக்க ஒரு கல்மேடு கட்டுவது மிதவைப் பாலத்தைவிட எத்தனையோ மலிவு. ஏனோ ஒப்பீடுகளில் இதை யாரும் சேர்ப்பதில்லை.

## நீரிலும் நிலத்திலும் ஓடும் வண்டி

டக் என்று அழைக்கப்பட்ட இரண்டாம் உலகப் போர்க்கால வண்டி சுமார் இரண்டேகால் டன் தூக்கும். 21,000-க்கும் மேல் செய்தார்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்தபடியே டயரில் காற்றைக் குறைத்து மணலில் ஏறலாம், சாலைக்கு வந்ததும் காற்றைக் கூட்டலாம். 1943 ஜூலையில் சிசிலியில் பெரிய அளவில் இறங்கியது. பின்னால் வந்த லார்க்-5 நாலரை டன், பிரம்மாண்டமான லார்க்-60 ஐம்பது டன்னுக்கு மேல். அந்த லார்க்-60-இல் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி எஞ்சின், டயர் ஆள் உயரத்தைவிட உயரம். 2001-இல் ஓய்வு பெற்றது.

இந்த வண்டிகளின் அருமை, கரையில் சரக்கைக் கை மாற்ற வேண்டாம். கப்பலில் ஏற்றியது நேராக உள்ளே இருக்கும் கிடங்கில் இறங்கும். தட்டையான கரை, மணல் திட்டு, எதுவும் பொருட்டில்லை. குறை, சுமை மிகச் சிறிது, பராமரிப்பு மிகப் பெரிது. உப்புநீரிலும் மணலிலும் மாறி மாறி ஓடும் கியரும் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். படகாகவும் மெதுவாகவே போகும், லாரியாகவும் முரட்டுத்தனமாகவே ஓடும்.

## ஹோவர்கிராஃப்ட்

காற்று மெத்தையின் மேல் மிதந்து ஓடும் கலம் இது. அமெரிக்கக் கடற்படையின் எல்கேக் 54 டன்னை 40 நாட் வேகத்தில் கொண்டுபோகும், மணலுக்கு மேலேயே ஏறிப் போய் நிற்கும். சாதாரணத் தரையிறங்கு கலத்துக்கு உலகக் கரைகளில் 15 சதவீதம் அளவுக்குத்தான் பொருந்தும், இதற்கு 70 சதவீதத்துக்கு மேல் என்பார்கள். தரைப்படையும் 1980-களில் 27 டன் அளவில் ஒன்றை வைத்திருந்து, 90-களில் விட்டுவிட்டது. எரிபொருளை விழுங்கும், எஞ்சின் மணலையும் உப்புத்தூளையும் இழுக்கும், காற்றை அடைத்துவைக்கும் கீழ்ப்பாவாடை கிழியும். சுனாமிக்குப் பின் மரமும் தகரமும் கிடக்கும் கரைக்கு இதை அனுப்புமுன் யாராவது அந்த இடத்தை நடந்து பார்த்திருக்க வேண்டும்.

வேகம் எவ்வளவு உதவும்? ஓர் உத்தேசக் கணக்கு போடுவோம். கப்பல் 5 கடல் மைலில் நிற்கிறது, பகல் 12 மணி நேர வேலை. மைக் போட்டுக்கு ஏற்ற ஒரு மணி, போக அரை மணிக்குச் சற்று மேல், இறக்க அரை மணி, திரும்ப 25 நிமிடம்: ஒரு சுற்று இரண்டரை மணி. ஹோவர்கிராஃப்ட்டுக்குப் பயணம் எட்டு எட்டு நிமிடம்தான், ஆனால் ஏற்றி இறக்கும் ஒன்றரை மணி அப்படியே இருக்கிறது. நான்கு மடங்கு வேகம் இருந்தும் சுற்றுகள் இரண்டு மடங்கைக்கூடத் தொடவில்லை. கப்பல் 40 கடல் மைலில் நின்றால் கதையே மாறும்: மைக் போட் ஒரு சுற்றோடு நாளை முடித்துவிடும், ஹோவர்கிராஃப்ட் மூன்று சுற்று வரும்.

## ஒரே பார்வையில்

தினசரி அளவு மேலே சொன்ன 5 கடல் மைல், 12 மணி நேரக் கணக்கில் நான் போட்ட உத்தேசம், ஒரு கலத்துக்கு. நடைமுறைச் சுமை முழுக் கொள்ளளவைவிடக் குறைவாக வைத்திருக்கிறேன்.

| வழி | முழுக் கொள்ளளவு | தினசரி உத்தேசம் | தட்டையான கரை | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|
| மைக் போட் | 54 டன் | 160–200 டன் | சிரமம் | சுமந்து வர வேறு கப்பல், கிரேன் |
| எல்சியு-2000 | 320 டன் | சுமார் 500 டன் | சிரமம் | புல்டோசர், பாய், கரைக்குழு |
| எல்எஸ்வி | 1,800 டன் (கரையில் 800) | ஏற்றும் வசதியைப் பொறுத்தது | முடியாது | எண்ணிக்கை மிகக் குறைவு |
| மிதவைப் பாலம் | லாரி ஓட்டத்தைப் பொறுத்தது | வானிலை தீர்மானிக்கும் | நன்று | மாதக்கணக்கில் தயாரிப்பு, ஏராளமான ஆள், கலங்களும் வேண்டும் |
| லார்க்-5 | 4.5 டன் | சுமார் 20 டன் | நன்று | ஓயாத பழுது வேலை |
| ஹோவர்கிராஃப்ட் | 54 டன் | சுமார் 300 டன் | மிக நன்று | எரிபொருள், பாவாடை, சிறப்பு ஆள்படை |

ஒரு எல்சியு செய்வதை லார்க்-5 செய்ய 25 வண்டிகள் வேண்டும். அதே சமயம் அந்த 25-உம் சரக்கைக் கிடங்கு வாசலில் விடுகின்றன, எல்சியு மணலில் விடுகிறது. மணலிலிருந்து எடுக்க லாரி இல்லாத ஊரில் எல்சியுவின் 500 டன் இரண்டாம் நாளே குவிந்து, மூன்றாம் நாள் கலம் இறக்க இடமில்லாமல் நிற்கும். காஸாவிலும் பாலம் இயங்கிய நாள்களில்கூடச் சரக்கு கரைக்கிடங்கில் தேங்கியது. அங்கிருந்து மக்களிடம் கொண்டுபோகும் சாலை பாதுகாப்பாக இல்லை, ஜூன் 9-இல் உலக உணவுத் திட்டம் வேலையை நிறுத்திவைத்தது. கடலில் எத்தனை திறமை காட்டியும் பசித்தவரிடம் உணவு போகவில்லை. எனக்கு இந்த ஒப்பீட்டிலேயே மிகவும் வருத்தம் தரும் பகுதி அதுதான்.

இன்னொரு மறைந்த செலவையும் சொல்ல வேண்டும்: பராமரிப்பு. அமெரிக்க ராணுவத்திடம் 2018 நவம்பரில் 134 கலங்கள் இருந்தன, 2024 மேயில் 70. இருப்பவற்றிலும் வேலைக்குத் தயாராக இருந்தவை 40 சதவீதத்துக்கும் குறைவு, 2020-இல் அது 75 சதவீதம். ராணுவத்தின் சொந்த இலக்கு 90. இவை அமெரிக்க அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் வெளியிட்ட எண்கள். "எங்களிடம் பத்து எல்சியு இருக்கிறது" என்று யாராவது சொன்னால், திட்டத்தில் நான்கு என்று எழுதுங்கள்.

## எந்தச் சூழலில் எதை எடுப்பேன்

பூகம்பத்தில் துறைமுகம் உடைந்துவிட்டது, கரைச் சாலை இருக்கிறது, ஓரிரு மாத வேலை. 2010-இல் ஹைட்டியில் இருந்த நிலை. எல்சியு, யோசிக்கவே வேண்டாம். உடைந்த துறைமுகத்திலேயே சாய்வாக இறங்கும் ஓர் ஓரம் கிடைத்தால் மணலைவிட அது மேல்.

ஆற்று முகத்துவாரம், பல சின்னச் சின்னக் கிராமங்கள், ஒவ்வொன்றுக்கும் 20, 30 டன். மைக் போட், கிடைத்தால் எம்எஸ்வி-எல். பெரிய கலத்தை இங்கே அனுப்புவது வீண்.

சேறும் தட்டையுமான கரை, உள்ளே போகச் சாலையும் இல்லை. கப்பல் பக்கத்தில் நின்றால் நீர்-நில வண்டிகள், தொலைவில் நின்றால் ஹோவர்கிராஃப்ட். தினம் போகும் அளவு குறைவாகத்தான் இருக்கும் என்று முன்பே எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும்.

தொலைதூரத்திலிருந்து கனரக வாகனங்களை ஒரு முறை கொண்டுவர வேண்டும். எல்எஸ்வி. இறக்க ஒரு கல்மேடோ பழைய படகுத்துறையோ தேடிவையுங்கள்.

மறைவான விரிகுடா, ஆறு மாதத்துக்கு மேல் வேலை. மிதவைப் பாலம். ஆனால் அது வந்து சேர்ந்து பொருத்தப்படும் வரை கரையில் பசியோடு மக்கள் இருப்பார்கள். ஆகவே முதல் நாளிலிருந்தே எல்சியு ஓட வேண்டும். பாலம் திறந்த பிறகும் இரண்டு மூன்று எல்சியுவையும் அவை முட்டும் மணல் வழியையும் புல்டோசரோடு தயாராக வைத்திருக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்து பாலத்தைக் கழற்றும்போது கலங்கள் கடலுக்குள் ஒதுங்கி, அலை தணிந்த அன்றே மணலில் இறக்கத் தொடங்கலாம். பாலத்தைத் திரும்பப் பொருத்த அதற்கு மேலும் சில நாள்கள் பிடிக்கும்.